ஏழரை மணி நாடகத்தைப் பதிந்துவைக்க ஒரு பெட்டி

என் மனைவிக்கு லைன் சூப்பர்வைசர் பொறுப்பு கொடுப்பதாகச் சொன்ன வாரத்தில்தான், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிந்துவைக்கும் பெட்டி ஒன்று வாங்கலாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் வந்தது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

அவள் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் பல வருடங்களாக இருந்தாள். ஐந்தரைக்கு வேலை முடிந்து, ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பாள். சூப்பர்வைசர் ஆகிவிட்டால் அப்படி வர முடியாது. டெய்லர்கள் ஒன்றரை ஷிப்ட் ஓட்டும் நாட்களில், திருப்பூரில் அது பெரும்பாலான நாட்கள், எட்டரை மணிக்குக் கடைசி மெஷின் நிற்கும்வரை அவளும் லைனில் நிற்க வேண்டும். வீடு வந்து சேர ஒன்பது ஆகும்.

“வேண்டாமுன்னு சொல்லிப்போடலாம்னு இருக்கறனுங்க,” என்றாள் அன்று சாப்பிடும்போது.

“எதுக்கு?”

“நின்னுட்டே இருக்கோணும். காலு வலிக்கும்.”

“செக்கிங்லயும் நின்னுட்டேதான இருந்த?”

“அப்ப வலிச்சுது, உங்ககிட்டச் சொல்லல. இப்பச் சொல்றேன்.”

காரணம் கால் இல்லை, ஏழரை மணிக்கு வரும் நாடகம் என்பது எனக்குத் தெரியும். வெறும் நாடகம் என்றால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அந்த நாடகத்துக்குப் பின்னால் மங்கலத்தில் இருக்கும் அவளுடைய அக்கா இருந்தார்.

அக்காவின் கணவர் மங்கலத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். அவர்களுக்கு ஒரே மகன். பெண் பிள்ளை கிடையாது. அதனால் மகன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு எங்கள் மகளைத்தான் உட்காரவைப்பது என்று, அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த காலத்திலிருந்தே அக்கா சொல்லிவந்தார். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் சின்ன விஷயம் அல்ல. மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள், புதுச் சேலை உடுத்தி, சொந்தபந்தம் எல்லாம் பார்க்க அவனோடு உட்கார்ந்து செய்யும் சீர் அது. உடன்பிறந்தவள் இல்லாவிட்டால் சித்தி மகளோ பெரியப்பா மகளோ அந்த இடத்தில் உட்காருவாள். அக்கா மகனுக்குப் பெரியப்பா மகள் உட்கார்ந்தாள். மண்டபத்துக்குப் போன பிறகுதான் அது எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் மகள் அதற்கென்றே எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு கூட்டத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என் மனைவி பந்தியில் கைநனைக்காமல் எழுந்து வந்துவிட்டாள். அதோடு அக்காவுக்கும் தங்கைக்கும் பேச்சு நின்றது. ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் அப்படியே கழிந்தன.

நின்ற பேச்சைத் திரும்பக் கொண்டுவந்தது மின்வெட்டு. ஒருநாள் மாலை மங்கலத்தில் கரண்ட் போய்விட்டது. அக்கா என் போனுக்குக் கூப்பிட்டார்.

“ஏனுங் தம்பி, நல்லாருக்கீங்களா? இங்க கரண்டு இல்லீங்க. அந்த நாடகத்துல மருமவ பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்புச்சே, போயிருச்சுங்களா, இருக்குதுங்களா?”

எந்த மருமகள் என்று எனக்குத் தெரியவில்லை. போனை மனைவியிடம் நீட்டினேன். அவள் சிறிது நேரம் போனையே பார்த்தாள். பிறகு வாங்கி, நலம் விசாரிப்பு எதுவும் இல்லாமல், “போகல. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டா,” என்றாள்.

“அப்பாடா,” என்றார் அக்கா.

அன்றிலிருந்து தினமும் ஒன்பதேகாலுக்கு அக்காவின் போன் வந்தது. நாடகத்தைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொள்ளமாட்டார்கள். கல்யாணத்தைப் பற்றி ஒரு சொல் வராது. எங்கள் மகள் எப்படிப் படிக்கிறாள் என்றுகூட அக்கா கேட்கமாட்டார். ஆனால் நாடகத்தைப் பற்றிப் பேசும்போது சில சமயம் எனக்கே சந்தேகம் வரும்.

“வாக்குக் குடுத்துப்போட்டு மாறிட்டா பாருக்கா அந்தப் பொம்பள,” என்பாள் என் மனைவி.

“அவளுக்கு அவ ஊட்டுல என்ன நெருக்கடியோ. நம்ம கண்டமா?” என்பார் அக்கா.

அதோடு இருவரும் அந்தப் பேச்சை விட்டுவிடுவார்கள். பிறகு வேறொரு பாத்திரத்தைத் திட்ட ஆரம்பிப்பார்கள்.

இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் இருவரும் இருந்தார்கள். சூப்பர்வைசர் ஆனால் ஏழரைக்கு அவள் லைனில் நிற்பாள். நாடகம் பார்க்காமல் ஒன்பதேகால் போனில் எதைப் பேசுவது? போன் நேரத்தைத் தள்ளிவைக்கவும் முடியாது. விடியற்காலையில் தறி ஓட்டுகிற வீடு என்பதால் ஒன்பதரை மணிக்கு மேல் அங்கே எல்லோரும் படுத்துவிடுவார்கள். அதைவிட, நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் ஆனதைச் சொன்னால் அது வீட்டு விஷயம். வீட்டு விஷயம் ஒன்று உள்ளே வந்தால் மற்றதும் வரும். அதற்குத்தான் அவள் பயந்தாள்.

விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் மகள், “செல்லுலயே பாருங்கம்மா,” என்று போனில் எளிதாகச் சொன்னாள். அந்த நாடகம் செல்போனில் மறுநாள் காலையில்தான் வரும். கம்பெனியிலோ லைனில் நிற்பவர்கள் செல்லை வாசல் கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும்.

“ஏழரைக்கு வர்றதைப் பிடிச்சு வெச்சுக்கற பொட்டி இருக்குது. ஒன்பது மணிக்கு வந்து பாத்துக்கலாம்,” என்றேன் நான்.

“நாடகம் பாக்கறதுக்குப் பொட்டி வாங்குனாங்கன்னு ஊரே சிரிக்குமுங்க.”

“பொட்டி வாங்குனது ஊருக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க ஒரு சாமான் வாங்கறதுக்குப் பத்துக் கடை ஏறி எறங்குவீங்க. அந்தப் பத்துக் கடையும் ஊருதான?”

அது உண்மைதான். ஒரு கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பில் இருப்பவன் நான். பட்டன், நூல், லேபிள் எதுவானாலும் சாம்பிள் பார்த்து, நாலு கேள்வி கேட்டு, பிறகுதான் வாங்கிப் பழக்கம். ஆனால் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மேனேஜரிடம் திங்கட்கிழமை முதல் சூப்பர்வைசராக வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஆகவே அதற்குள் பெட்டி வந்தாக வேண்டும்.

முதலில் எங்கள் தெருவுக்குக் கேபிள் கொடுப்பவரிடம் கேட்டேன். அவர் உற்சாகமாக, “நம்ம பாக்ஸ்லயே பென் டிரைவக் குத்துனா ரெக்கார்டு ஆகுமுங்க,” என்றார்.

“தானாவே ஆகுமுங்களா?”

“நாடகம் ஆரம்பிக்கறப்ப நீங்க ஒரு பட்டன அமுக்கோணும். முடியறப்ப ஒருக்கா அமுக்கோணும்.”

“நான் பக்கத்துலயே இருந்து அமுக்கறதுன்னா அப்புறம் எதுக்குங்க ரெக்கார்டு?”

அவர் யோசித்துப் பார்த்து, “அதுவும் நாயந்தானுங்க,” என்றார்.

அடுத்தது பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டிஷ் ஆன்டெனா விற்கும் கடை. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்து, கடை வைத்து நிலைத்துவிட்டவர். பதிவு செய்யும் வசதியுள்ள பெட்டிகள் இரண்டு வகை அவரிடம் இருந்தன. ஒன்றில் பதிந்துவைக்கும் ஹார்டு டிஸ்க் பெட்டிக்கு உள்ளேயே இருக்கும். மற்றொன்றில் அதைத் தனியாக வாங்கி ஒயரில் மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டாவது சிறியது, பார்க்க அழகாகவும் இருந்தது.

டிவி அணைந்திருக்கும்போதும் பெட்டி தானாக விழித்துக்கொண்டு பதியுமா என்று கேட்டேன். பதியும் என்றார். தினமும் நேரம் குறித்துவைக்க வேண்டுமா, ஒருமுறை சொன்னால் போதுமா என்று கேட்டேன். நாடகத்தின் மேல் நிறுத்தி ஒருமுறை அமுக்கினால் போதும், திங்கள் முதல் வெள்ளி வரை அதுவே பார்த்துக்கொள்ளும் என்றார். மழை பெய்தால்? பலத்த மழை என்றால் படம் நிற்கும், அந்த நேரத்தில் பதிவும் நிற்கும். ஒரு சேனலைப் பதியும்போது இன்னொன்றைப் பார்க்கலாமா? ஹார்டு டிஸ்க் உள்ளே இருக்கும் பெட்டியில் பார்க்கலாம், மற்றதில் முடியாது. பதிந்ததைப் பென் டிரைவில் எடுத்து வேறு வீட்டில் போட்டுப் பார்க்கலாமா? மங்கலத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் அதைக் கேட்டேன். முடியாது, இந்தப் பெட்டிக்குள் போனது இந்தப் பெட்டியில்தான் ஓடும் என்றார்.

“பதிஞ்சுட்டு இருக்கும்போது கரண்ட் போயிட்டா?”

“வந்ததும் தானா எந்திரிச்சுக்கிடும்ணே. கரண்டே இல்லைன்னா அது என்ன செய்யும், பாவம்.” பிறகு பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, “பொண்ணு பாக்க வந்தவுககூட இம்புட்டு விசாரிக்க மாட்டாக. பேசி முடிச்சிருவமா?” என்றார்.

நான் பெரிய பெட்டியையே எடுத்தேன். எங்கள் வீட்டில் தினமும் டிவி மேசையைத் துடைப்பது வழக்கம். துடைக்கும்போது ஒயர் ஒன்று அசைந்து கழன்றால் அன்றைய நாடகம் போய்விடும். வெளியே தொங்குவது குறைவாக இருப்பதே நல்லது என்று தோன்றியது. இரண்டு சேனல் வசதி எங்களுக்குத் தேவைப்படாது. ஏழரைக்கு இருவருமே வீட்டில் இருக்கப்போவதில்லை. நான் வந்து சேரவே எட்டேகால் ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் டிஷ்ஷை நிறுத்திப் பெட்டியை மாட்டிக் கொடுத்தார்கள். சோதனைக்காக ஒரு சமையல் நிகழ்ச்சியைக் குறித்துவைத்துவிட்டு டிவியை அணைத்தேன். இருவரும் அணைந்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். குறித்த நேரத்தில் பெட்டியின் நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

“ஏனுங்க, முழிச்சுக்கிச்சுங்க!” என்று அவள் என் தோளில் தட்டினாள்.

போட்டுப் பார்த்தோம். வெண்டைக்காய்ப் பொரியல் தெளிவாக வந்திருந்தது. விளம்பரங்களை ஓட்டிவிட்டுப் பார்த்ததில் இன்னும் சீக்கிரம் முடிந்தது. ஒன்பதுக்கு வந்து உட்கார்ந்தால்கூடச் சமாளித்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டாள்.

திங்கட்கிழமை எட்டேகாலுக்கு வீட்டைத் திறந்து, மெயினைப் போட்டு, விளக்கைப் போட்டு, முதல் வேலையாக டிவி முன்னால் போய் நின்றேன். பட்டியலில் நாடகத்தின் பெயருக்கு எதிரே ‘பதிவு தவறியது’ என்று இருந்தது. நேரம், சேனல், நாள் மூன்றையும் சரிபார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் குறித்திருந்தேன்.

அவள் வந்து முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சொன்னேன். அவள் எழுந்து போய் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். ஒன்பதேகாலுக்கு போன் அடித்தது. கையில் மாவு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“பாத்தியா கண்ணு, அவன் பண்ணுன காரியத்த?” என்றார் அக்கா.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

“பாத்தேன்க்கா. அநியாயம்.”

“அநியாயமா? நல்லதுதானடி பண்ணுனான்!”

“அதைத்தானக்கா சொல்றேன். இத்தன நாளாப் பண்ணாம இருந்தது அநியாயம்.”

“அதுஞ் செரிதான்,” என்றார் அக்கா.

செவ்வாய்க்கிழமை காலையில் நாடகத்தை நீக்கிவிட்டு முதலிலிருந்து குறித்தேன். பெட்டியின் கடிகாரத்தை என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டேன். மாலையில் மறுபடியும் அதே ‘பதிவு தவறியது’. அன்று போனில் மனைவி, “தல வலிக்குதுக்கா,” என்று சீக்கிரமே முடித்துக்கொண்டாள். “செரி, படு,” என்றார் அக்கா. வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார்.

புதன்கிழமை கம்பெனியில் அனுமதி வாங்கி வீட்டுக்கு வந்து, பெட்டியைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் அவருடைய டிஷ்ஷில் மாட்டி, டிவியை அணைத்து, எதையோ குறித்துவைத்தார். சிவப்பு விளக்கு சொன்ன நேரத்தில் எரிந்தது. இரண்டாம் முறையும் எரிந்தது.

“நம்ம கடையில சமத்தா வேல செய்யுது பாருங்க,” என்றார். “உங்க வீட்டுலதான் சண்டித்தனம் பண்ணுது. ஒருவேள அந்த நாடகம் அதுக்குப் பிடிக்கலையோ என்னமோ.”

அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. சிரிக்கவில்லை. பெட்டியைக் கொண்டுவந்து மாட்டி, மறுபடியும் குறித்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன். அன்று மாலையும் பதிவாகவில்லை.

அன்று ஒன்பதேகாலுக்கு போனும் வரவில்லை.

தோசையை ஊற்றிவிட்டு அவள் போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் இருந்தது. ஒன்பதரை தாண்டியதும் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

“அங்க கரண்டு போயிருக்கும்,” என்றேன்.

“கரண்டு போனா அக்கா கட்டாயம் கூப்புடுமுங்க. அப்படித்தான அன்னைக்குக் கூப்புட்டுது?” என்றாள். பிறகு, “நாளைக்கு மேனேஜர்கிட்டச் சொல்லிப்போடறேன். என்ற பழைய டேபிளுக்கே போயிர்றேன். அந்தப் பொட்டியத் திருப்பிக் குடுத்துருங்க,” என்றாள்.

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அக்கா மறுபடியும் பேச்சை நிறுத்திவிட்டார், இனி ஆரம்பிக்க இன்னொரு மின்வெட்டு வராது என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலையில் இருவரும் சேர்ந்தே கிளம்பினோம். வழக்கமாக அவள் முன்னால் போய்விடுவாள், நான் பின்னால் பூட்டிக்கொண்டு போவேன். அன்று என் வண்டியிலேயே அவளைக் கம்பெனியில் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தேன். அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, உள்ளே இருந்த என்னிடம் கேட்டாள்.

“கேஸ் மூடியாச்சுங்களா?”

“மூடியாச்சு.”

“ஜன்னல்?”

“சாத்தியாச்சு.”

“மெயின் ஆஃப் பண்ணியாச்சுங்களா?”

“பண்ணியாச்சு,” என்றேன். சொல்லும்போது என் கை அந்தச் சுவிட்சின் மேல்தான் இருந்தது.

பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. எங்கும் பஞ்சுத் தூசி பறக்கிற இடம் அது. போர்டுக்குள் தூசி படிந்திருக்கும்போது ஒரு பொறி பட்டால் போதும். அதனால் கடைசியாக வெளியே வருகிறவர் மெயினை இறக்காமல் கதவைப் பூட்டக் கூடாது என்பது, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தரும் பாடம். நாளடைவில் வீட்டிலும் கை அதையே செய்யும். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜுக்கு மட்டும் தனி லைன் இழுத்து, மற்ற எல்லாம் வாசல் பக்கத்துச் சுவிட்ச் ஒன்றில் அடங்கும்படி ஒயரிங் செய்யச் சொன்னதே நான்தான். கடைக்காரரிடம் மழையைப் பற்றிக் கேட்டேன், மின்வெட்டைப் பற்றிக் கேட்டேன். தினமும் காலையில் நானே செய்யும் மின்வெட்டைப் பற்றிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

நான் சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், சுவிட்சைப் பார்த்தாள், உள்ளே இருட்டில் கிடந்த பெட்டியைப் பார்த்தாள்.

“ஏனுங்க,” என்றாள் மெதுவாக. “அந்தப் பொட்டி மெயின்லயா இருக்குது?”

“மெயின்லதான் இருக்குது.”

“மூணு நாளாவா?”

“மூணு நாளாத்தான்.”

அவள் செருப்போடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் மூச்சு வாங்கியது. “நாலு கடை ஏறுனாலும், நாப்பது கேள்வி கேட்டாலும்…” என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது ஏன் வேலை செய்தது, கடையில் ஏன் வேலை செய்தது என்று எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. பெட்டிமேல் எந்தக் குறையும் இல்லை. என் தேர்வு சரிதான். அந்த நிமிடத்தில் அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மெயினை ஏற்றிவிட்டு, டிவி தவிர மற்ற சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுப் பூட்டினோம். வண்டியில் போகும்போது அவள், “மேனேஜர்கிட்ட இன்னைக்கு ஒண்ணும் சொல்லலைங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்,” என்றாள்.

அன்று முழுவதும் ஸ்டோரில் எனக்கு வேலை ஓடவில்லை. மெயினை ஏற்றிவைத்துவிட்டு வந்த வீடு மனதிலேயே நின்றது. எங்காவது புகை வாசம் வந்தால்கூட, நாங்கள் இருக்கும் தெருப் பக்கம்தான் மனம் போனது. எட்டேகாலுக்கு வீடு அப்படியே இருந்தது. பட்டியலில் நாடகத்தின் பெயருக்கு எதிரே ‘பதிவானது’ என்று இருந்தது. நான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. அவள் வரட்டும் என்று சோறு வடித்துவைத்தேன்.

அவள் வந்து, நின்றபடியே விளம்பரங்களை ஓட்டிவிட்டுப் பார்த்து முடித்தாள். இடையில் “அடப்பாவி” என்று இரண்டு முறை சொன்னாள். ஒன்பதேகால் தாண்டியிருந்தது. போன் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நானே கூப்புடறேன்,” என்றாள். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவளாக அக்காவுக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. என்னையும் பக்கத்தில் உட்காரச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, பாத்தியா? ஆசுபத்திரில அவ கையெழுத்துப் போட்டுட்டாளே, இனி அந்தக் கொழந்த இவளுக்குத்தான். அந்தப் பெரியவன் மூஞ்சியப் பாக்கோணுமே…” என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போனாள்.

அக்கா முழுவதையும் கேட்டார். “இன்னைக்குப் பாத்துப்போட்ட,” என்றார்.

“தெனமுந்தான பாக்கறேன்.”

“அப்படியா? திங்கக்கெழம அவன் என்ன பண்ணுனான், சொல்லு பாக்கலாம்.”

மனைவி என் பக்கம் திரும்பினாள். எனக்கும் தெரியாது.

“பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லோணும் கண்ணு,” என்றார் அக்கா. “எங்கூட்டுக்கு எதுத்தாப்புல இருக்கற புள்ள உங்க கம்பெனியிலதான் ஓவர்லாக் மெஷின் ஓட்டுது. திங்கக்கெழமையே ஓடி வந்து சொல்லிப்போட்டா. ‘உங்க தங்கச்சிதானுங்க எங்களுக்கு இப்ப சூப்பர்வைசரு, பயங்கரக் கண்டிசனு’ன்னு.”

“அப்பவே உனக்குத் தெரியுமாக்கா?”

“தெரியும். நீயே சொல்லுவீன்னு பாத்தேன். திங்கக்கெழம நாடகத்துலயே சுத்திச் சுத்தி வந்த. செவ்வாக்கெழம தலவலின்ன. சொல்றவளா இருந்தா அவளே கூப்புடட்டும்னுதான் நேத்து நான் கூப்புடல.”

“சொல்லோணும்னுதான்க்கா இருந்தேன். அதச் சொன்னா… அப்புறம் எல்லாத்தையும் பேசோணும்.”

“பேசு. எவடி வேண்டாம்னா?”

அக்கா வீட்டில் யாரோ கதவைத் தாழ் போடும் சத்தம் கேட்டது. நான் எழுந்து போகலாமா என்று பார்த்தேன். மனைவி என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

அக்காதான் முதலில் பேசினார். “மொதநாளு ராத்திரி மாமியா ஊட்டுப் பக்கம் உக்காந்து பேசி மாத்திப்போட்டாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியல. ஆனா உங்கிட்ட முன்னாடியே சொல்லாம உட்டது என்ற தப்புத்தான். உன்ற மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்குத் தெகிரியம் வரல.”

“சொல்லியிருந்தா உட்டுக் குடுத்திருப்பேன்ல?”

“சண்ட போட்டிருப்ப.”

“சண்ட போட்டுட்டு உட்டுக் குடுத்திருப்பேன்.”

அக்கா சிரித்துவிட்டார். இவளும் சிரித்தாள். சிரிப்போடு மூக்கையும் உறிஞ்சிக்கொண்டாள்.

“மருமவ மாசமா இருக்குது. ஏழாம் மாசம் வளகாப்பு வெக்கறோம்,” என்றார் அக்கா. “நாத்தனார் மொறைக்கு உன்ற புள்ளதான் வந்து நின்னு செய்யோணும். இப்பவே சொல்லிப்போட்டேன். மண்டபத்துல வந்துதான் சொன்னான்னு அப்புறம் பேசாத.”

“சேல எடுக்கோணுமா?”

“கல்யாணத்துக்கு எடுத்தத ஒரு தடவதான கட்டுச்சு? அதையே கட்டிட்டு வரட்டும்.” பிறகு குரலை உயர்த்தி, “தம்பி, கேட்டுட்டுத்தான இருக்கீங்க?” என்றார்.

“கேட்டுட்டுத்தானுங்க இருக்கறேன்.”

“நாடகத்த என்னமோ பொட்டியில புடிச்சு வெக்கறீங்கன்னு அந்தப் புள்ள சொன்னா. எங்களுக்கும் ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. ஏழரை மணியானா இவரு நியூசுதான் வேணும்கறாரு. தெனமும் ஒரே ரகளை.”

ஊருக்குத் தெரிந்துவிடும் என்று மனைவி சொன்னது சரியாகவே இருந்தது. வேலை நேரத்தில் லைனில் யாரிடமோ அவளே சொல்லியிருக்கிறாள் போலும். அவர்கள் வீட்டுக்கு இரண்டு சேனல் வசதி அவசியம், நாடகம் பதியும்போது அவர் செய்தி பார்க்க வேண்டும் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் இருவரும் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். அக்காவுக்கு முழங்கால் வலி, எங்கள் மகளின் பரீட்சை, புது மருமகள் சமையல் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒன்பதரை தாண்டியும் மங்கலத்தில் யாரும் படுக்கப் போகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரீஷியனை அழைத்து, டிவிக்கும் பெட்டிக்கும் ஃபிரிட்ஜோடு சேர்த்துத் தனி லைனில் இணைப்புக் கொடுக்கச் சொன்னேன். இப்போது நிம்மதியாக மெயினை இறக்கிவிட்டுப் போகிறோம். என் மனைவி சூப்பர்வைசராகவே இருக்கிறாள். அந்த வாரமே கடைக்காரரிடம் இன்னொரு பெட்டி வாங்கி மங்கலத்தில் மாட்டிக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்ததும், “ரெண்டாவது சம்பந்தமா?” என்றார். இந்த முறை கேள்வி எதுவும் கேட்காமல் வாங்கினேன்.

பெட்டி தவறாமல் தினமும் பதிகிறது. பார்ப்பதுதான் குறைந்துவிட்டது. ஒன்பது மணிக்கு வீட்டுக்குள் நுழையும்போதே அவள் அக்காவோடு பேசிக்கொண்டுதான் வருகிறாள். பார்க்காத நாடகங்கள் பட்டியலில் வரிசையாக ஏறிக்கொண்டே போய், ஒருநாள் ‘இடம் நிரம்பிவிட்டது’ என்று திரையில் வந்தது. பழையதிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்று அவளிடம் கேட்டேன்.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கையை வீசினாள்.

“எல்லாத்தையும் அழிச்சுருங்க. கதைய அக்கா சொல்லிருச்சு.”